மெதுவாகவா, முறுக்கிக்கொண்டா? புதிதாக ஓட வருபவர்கள் கிரவுண்டில் கேட்கும் கேள்விகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்குக் காலை ஐந்தரை மணிக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். டாக்டர் சொல்லி அனுப்பிய ஐம்பது வயதுக்காரர்கள் ஒரு வகை, காவலர் தேர்வுக்குத் தயாராகும் இருபது வயதுப் பிள்ளைகள் இன்னொரு வகை. பத்து வருடமாக அங்கே ஓடிக்கொண்டிருப்பதால் இரு தரப்பும் என்னிடம் வந்து ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதா, முதல் நாளிலிருந்தே உயிரைக் கொடுத்து ஓடுவதா? நான் பயிற்சியாளர் இல்லை, டாக்டரும் இல்லை. தப்பாக ஆரம்பித்து, அப்புறம் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, நாளையிலேருந்து ஓடப் போறேன். முதல் நாள் எவ்வளவு ஓடணும்?

தூரத்தை மறந்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் விறுவிறுவென நடங்கள். அப்புறம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை, மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம். இப்படியே 20 நிமிடம். முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று தடவை. கிளம்பும்போது "இவ்வளவுதானா?" என்று தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' அட்டவணையின் முதல் வாரம். சோபாவை விட்டு எழாதவரை ஒன்பது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட வைப்பது அதன் கணக்கு. ஒன்பது வாரம் எல்லாருக்கும் போதாது. நான் பார்த்தவர்களில் பலர் ஏதாவது ஒரு வாரத்தைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். பதினான்கு வாரம் ஆனாலும் யாரும் அபராதம் போடப் போவதில்லை.

மெதுவா, மெதுவான்னு சொல்றீங்களே, எவ்வளவு மெதுவா?

கூட ஓடி வருபவரிடம் நேற்று வீட்டில் நடந்த சண்டையைக் கோர்வையாகச் சொல்ல முடிகிறதா? அதுதான் வேகம். வார்த்தை இரண்டிரண்டாகப் பிய்ந்து வந்தால் அதிகம். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தனியாக ஓடுகிறவர்கள் மனப்பாடமான குறள் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம், நடுவில் மூச்சு அறுபடக் கூடாது.

கையில் வாட்ச் கட்டியிருப்பவர்கள், இதயத்தின் உச்சத் துடிப்பு எவ்வளவு என்று அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைக் கேட்பார்கள். அது ஒரு உத்தேசக் கணக்கு. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு உச்சத் துடிப்பு இருபது வரை வித்தியாசப்படுவது சாதாரணம். ஆரம்பத்தில் வாட்சைவிட வாயை நம்புங்கள்.

நடந்து நடந்து ஓடுறதுக்குப் பேரு ஓட்டமா?

ஓட்டம்தான். ஜெஃப் கேலோவே என்பவர் 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓடுவதும் நடப்பதும் கலந்த முறையை 1970களிலிருந்து பரப்பியவரும் அவரேதான். அந்த முறையில் முழு மாரத்தானையே முடித்தவர்கள் ஏராளம். ஒரு விஷயம் மட்டும் முக்கியம். களைத்துப்போன பிறகு நடப்பது இந்த முறை இல்லை. களைப்பு வரும் முன்பே, கணக்குப்படி நடக்க வேண்டும்.

எனக்கு மூச்சே வாங்கலண்ணே. ரெண்டு வாரத்துல அஞ்சு கிலோமீட்டர் நிக்காம ஓடிட்டேன். இன்னும் எதுக்கு மெதுவா?

எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி இது. புதிதாக ஓடுபவரை ஏமாற்றுவதே இந்த மூச்சுதான். இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களில் பழகிவிடும். தசை அடுத்து வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் இழுக்கும். மூன்றாவது வாரத்தில் மூச்சு "போ போ" என்று சொல்லும்போது எலும்பு இன்னும் தயாராகவே இருக்காது.

ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஐயாயிரம் அடிக்கு மேல். இந்தச் சுமையைக் கண்ட எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளத்தான் பார்க்கும். ஆனால் அதன் வேலை முறை நம்ம ஊர் ரோடு போடும் முறை மாதிரி. முதலில் பழையதைத் தோண்டி எடுக்கும், அப்புறம்தான் புதிதாகப் போடும். தோண்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும், போட்டு இறுகுவதற்கு மாதங்கள் ஆகும். தோண்டிப் போட்ட ரோட்டில் லோடு லாரியை விட்டால் என்ன ஆகும்?

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். 38 வயதில் ஆபீஸ் நண்பரோடு பந்தயம் கட்டி முதல் நாளிலிருந்தே தினமும் ஐந்து கிலோமீட்டர். இரண்டாவது வாரம் மூச்சு பழகியதும் தலைக்கனம் வந்து நேரத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். நான்காவது வாரம் கணைக்கால் எலும்பில் ஒரு வலி. ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினேன். கடைசியில் எலும்பில் மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது, பைக்கைக் கிக்கர் அடிக்கவும் முடியாது. பந்தயப் பணம் ஐந்நூறு ரூபாய், ஸ்கேனுக்கு ஆனது அதைப் போலப் பல மடங்கு.

பட்டாளத்துலயும் போலீஸ் டிரெய்னிங்லயும் முதல் நாளே போட்டுப் பிழியிறாங்களே, அவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?

நன்றாக இருப்பவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். மேலே சொன்ன விரிசலை முதலில் விவரித்தவரே ஒரு ராணுவ மருத்துவர்தான். பிரஷ்யப் படையில் இருந்த பிரைதாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் எழுதி வைத்தார். அப்போது எக்ஸ்ரே கிடையாது, உள்ளே எலும்பு விரிந்திருப்பது அவருக்குத் தெரியாது. 1895இல் எக்ஸ்ரே வந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. இன்றும் அதற்கு 'மார்ச் ஃபிராக்சர்' என்றே பெயர். புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பதினெட்டு இருபது வயது, நல்ல உடம்பு, மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நாற்பது வயதில் நாற்காலியிலிருந்து எழுந்து வருகிற நமக்கு என்ன கதி?

வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்டணும்னு சொல்றாங்களே, அது சட்டமா?

சட்டம் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியான ஒரு கணக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓட வந்த 500க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2008இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பத்து சதவீதக் கணக்கில் 13 வாரம், மீதிப் பேருக்கு வழக்கமான 8 வாரம். இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். வித்தியாசமே இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி "அப்ப மெதுவா போறதுல பிரயோஜனம் இல்லைதானே?" என்று துள்ளினான். அப்படி இல்லை. அந்த 8 வாரத் திட்டமும் படிப்படியாகக் கூட்டுகிற திட்டம்தான். முதல் நாளே முழு வேகம் என்று அங்கே யாரையும் விடவில்லை. படிப்படியாகப் போகிற இரண்டு பேரில் ஒருவர் இன்னும் நுணுக்கமாகக் கணக்குப் போடுவதால் பெரிய லாபம் இல்லை என்பதே அதிலிருந்து எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் உண்டு. மெதுவாகப் போனாலும் காயமே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நான் பின்பற்றுவது இது: இரண்டு வாரம் கூட்டு, ஒரு வாரம் குறை. ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதே.

தினமும் ஓடினாத்தானே பழக்கம் வரும்?

பழக்கம் வர வேண்டும் என்றால் தினமும் கிரவுண்டுக்கு வாருங்கள். ஒரு நாள் ஓடுங்கள், ஒரு நாள் நடங்கள், ஒரு நாள் படியேறுங்கள், ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போங்கள். முதல் மூன்று மாதம் அடுத்தடுத்த நாட்களில் ஓட வேண்டாம். எலும்புக்கும் நாணுக்கும் ரிப்பேர் வேலை நடப்பது நீங்கள் ஓடாத நேரத்தில்.

கால் வலிக்குது. இது சாதா வலியா, நிறுத்த வேண்டிய வலியா?

இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு கெண்டைச் சதையிலும் பரவலாக, ஓடிய மறுநாள் வந்து மூன்று நாளுக்குள் போய்விட்டால் அது தசைவலி. பயப்பட வேண்டாம்.

ஒரு காலில் மட்டும், ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டக்கூடிய இடத்தில், எலும்பின் மேல் வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். அந்தக் காலில் நொண்டியடித்துப் பார்த்தால் சுரீர் என்கிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம், அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. கணைக்காலின் உட்புறம் நீளவாக்கில் வலிக்கும், ஓட ஆரம்பிக்கும்போது வந்து உடம்பு சூடானதும் குறையும். ஷின் ஸ்பிளின்ட் என்பார்கள். அவசரப்பட்டவர்களுக்கு வரும் முதல் எச்சரிக்கை. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும், அடங்காவிட்டால் முந்தைய பத்திக்குப் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

யூடியூப்ல பார்த்தேன், நாலு நிமிஷம் வெறித்தனமா பண்ணினா ஒரு மணி நேரம் ஓடினதுக்குச் சமமாமே?

அந்த நான்கு நிமிடத்துக்கு மூலம் ஜப்பானின் தபாட்டா குழு 1996இல் வெளியிட்ட ஆய்வு. 20 விநாடி முழு மூச்சு, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு தடவை. பலன் உண்மைதான், கடும் பயிற்சி மூச்சுத் திறனைச் சீக்கிரம் ஏற்றும். ஆனால் அதைச் செய்தவர்கள் ஏற்கெனவே பயிற்சியில் இருந்த இளைஞர்கள், செய்ததும் நிலையான சைக்கிளில். சைக்கிளில் கால் தரையில் மோதுவதில்லை. அதையே சிமென்ட் ரோட்டில் ஸ்பிரின்ட்டாகச் செய்யும்போது கணக்கு மாறிவிடுகிறது. முறுக்கியே ஆக வேண்டும் என்று கை கால் பரபரத்தால் ஓடாத நாளில் சைக்கிளில் முறுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பிழிந்தால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளநீர் குடித்துச் சமாளிக்கிற சமாச்சாரம் இல்லை இது.

பிசி (போலீஸ் கான்ஸ்டபிள்) தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. எனக்கு மெதுவா ஓட எல்லாம் நேரமில்லண்ணே.

தம்பி, உன் நிலைமை புரிகிறது. ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். 1500 என்றால் இந்த டிராக்கில் மூன்றே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி கிடைக்கிறது. நீங்கள் எல்லாரும் பண்ணுகிற தப்பு, முதல் ரவுண்டை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு மூன்றாவது ரவுண்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு நான்கு நாள், 25 நிமிடம், பேச்சு வேகத்தில். முடியாத இடத்தில் நட. மூன்றாவது வாரத்திலிருந்து அந்த நான்கில் ஒரு நாளை மட்டும் எடுத்து, ஒரு ரவுண்டை 1:50இல் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, மறுபடி ஓடு. நான்கு தடவை போதும். ஐந்தாவது வாரக் கடைசியில் ஒரு முறை முழு 1500ஐ நேரம் வைத்துப் பார். கடைசி நான்கு நாள் லேசாக மட்டும். தினமும் 1500ஐ உயிரைக் கொடுத்து ஓடிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. தினமும் பரீட்சை எழுதிவிட்டுப் படிக்காமல் இருப்பது மாதிரி அது.

நான்கு நாள் என்பது மேலே சொன்ன ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்கை மீறுகிறது, தெரியும். தேதி குறித்தாகிவிட்டது, உனக்கு வயது இருபது, அதனால் இந்தச் சலுகை. எலும்பு வலிக்கான விதியில் மட்டும் உனக்கும் சலுகை கிடையாது. அடுத்த தடவை தேர்வுக்கு விண்ணப்பம் போட்டதுமே கிரவுண்டுக்கு வா, ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்காதே.

எனக்கு வயசு 52, சுகரும் இருக்கு. ஓடலாமா சார்?

பெரும்பாலும் ஓடலாம், ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. இன்சுலினோ சில வகைச் சுகர் மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சுகர் சட்டென்று இறங்கலாம், பாக்கெட்டில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது என்று எது வந்தாலும் நின்றுவிடுங்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வயதைப் பற்றி ஒரு கதை உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவர், சாதாரண நடுவயதுக்காரர்களையும் ஆக்லாந்தில் மெல்லோட்டத்துக்கு இழுத்து வந்தார். 1962 கடைசியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், தன்னைவிட மூத்தவர்களோடு ஓட முடியாமல் பின்தங்கிப்போனார். அப்போது அவருக்கு 51 வயது. பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அக்கம்பக்கத்து மக்களுக்கு மெல்லோட்ட வகுப்பு நடத்தியது.

மூணு மாசமா நீங்க சொன்ன மாதிரியே மெதுவாத்தான் ஓடுறேன். ஆனாலும் மூச்சு இரைக்குதுண்ணா, படியேறினாலும் அப்படித்தான். ஏன்?

இதைக் கேட்டது ஒரு தங்கை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னேன், எட்டு புள்ளி சொச்சம்தான் இருந்தது, ரொம்பக் குறைவு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களிடம் போய் "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று சொல்வது அநியாயம். முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர் சொல்லும் மாத்திரை. மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

அக்னி நட்சத்திரத்துல ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஐந்து மணிக்கே வந்தால். வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும், அதுவரை முதல் கேள்வியில் சொன்ன 20 நிமிடத்தில் பாதி போதும். கூட ஓடுபவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ நிழலுக்கு இழுத்துத் தலையிலும் உடம்பிலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். வியர்க்கிறதே, அதனால் வெப்பத் தாக்கு இல்லை என்று நினைக்காதீர்கள்.

ஷூ எத்தனை ரூபாய்க்கு வாங்கணும்?

விலையைப் பார்க்காதீர்கள். சாயந்தரம், பாதம் லேசாக உப்பியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், கடையிலேயே நான்கு எட்டு ஓடிப் பார்த்து உறுத்தக் கூடாது. வெறுங்காலில்தான் ஓடுவேன் என்பவர்கள் அதையும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று கூட்டுங்கள். புதுக் காலணியோ வெறுங்காலோ, காலுக்கு அதுவும் புதுச் சுமைதான்.

ஓடினா முழங்கால் தேஞ்சிடும்னு எங்க வீட்ல பயமுறுத்துறாங்க.

2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்கென்றே ஓடுபவர்களில் 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்கள் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் நம் மாதிரி ஆட்களுக்கு வீட்டில் காட்ட இது போதும்.

அப்ப எப்பத்தான் வேகமா ஓடுறது?

நிற்காமல் அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மாதம் வலியில்லாமல் ஓடிய பிறகு. அப்போதும் முதலில் ஒரு சிட்டிகை அளவுதான். மெல்லோட்டத்தின் கடைசியில் 20 விநாடி வேகமாக, ஒரு நிமிடம் நடை, நான்கு தடவை. ஒரு மாதம் கழித்து வாரத்தில் ஒரு நாளை வேகத்துக்கு ஒதுக்கலாம்.

வேகத்துக்கு நான் எதிரி இல்லை. மேலே சொன்ன லிடியார்டின் சிஷ்யர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டம் அது. அதற்காக அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடினார். முதலில் மாதக்கணக்கில் அடித்தளம், கடைசியில்தான் வேகம்.

மூணு வாரம் ஊருக்குப் போயிட்டேன். விட்ட இடத்துலேருந்தே ஆரம்பிக்கலாமா?

ஒரு வாரம் விட்டிருந்தால் அப்படியே தொடருங்கள். மூன்று வாரம் என்றால் பாதியிலிருந்து. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் முதல் கேள்விக்கான பதிலிலிருந்து, ஆனால் இந்தத் தடவை சீக்கிரம் ஏறிவிடும்.

நான் ஓடுறதைவிட நடக்கிறவங்க வேகமா போறாங்க. வெட்கமா இருக்குண்ணே.

இருக்கத்தான் செய்யும். கால் சரியாகி மறுபடி ஆரம்பித்தபோது நான் ரேஸ்கோர்ஸுக்கு வரவே கூச்சப்பட்டுக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடினேன். வயர் கூடையோடு வேகவேகமாக நடந்துவந்த ஒரு பாட்டி என்னை முந்திப் போய்விட்டு, திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, கால் வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் சுற்றை முடித்தேன். ஐந்து மணிக்கு வாருங்கள், இருட்டாக இருக்கும். நானும் அந்த நேரத்துக்குத்தான் வருவேன்.